நுவரெலியாவில் வேக மறுத்த வாத்து முட்டை: ஒரு நிகழ்வு ஆய்வு

நுவரெலியா நகரை ஒட்டி, கரட்டும் லீக்ஸும் போட்ட தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீடுதான் இந்த ஆய்வின் களம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. விருந்தினர் வந்தால் சமைப்பது, படுக்கை விரிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் மனைவியின் பொறுப்பு. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். சமையல் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் என்னை அவர் டீச்சர் என்பார்.

முட்டைத் தட்டுப்பாடு முற்றி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்த 2023ஆம் ஆண்டில்தான் இந்த வீட்டில் வாத்துகள் வந்து சேர்ந்தன. குளிருக்கும் மழைக்கும் கோழியைவிட வாத்து தாக்குப்பிடிக்கும் என்று மாமியார் சொன்ன யோசனை. அது பொய்க்கவில்லை. வாத்துகள் நன்றாக முட்டையிட்டன. வீட்டுப் பிள்ளைகள் பொரித்துத் தின்றார்கள், கேக் அடித்தார்கள், மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். சிக்கல் வந்தது விருந்தினர் மேசையில்.

நடந்தது இதுதான். காலை உணவுக்கு ‘போச்’ முட்டை வேண்டும் என்று ஒரு தம்பதி கேட்டார்கள். ஓட்டை உடைத்து, உள்ளே இருப்பதைக் கலையாமல் சுடுநீரில் இறக்கி வேகவைக்கும் முட்டை. துரைமார் பங்களாக்களில் வேலை பார்த்த பழைய கோக்கிமாருக்கு (சமையற்காரர்களுக்கு) இது கைவந்த கலை; இன்றைய வீட்டுக் குசினிகளில் அரிது. கோழி முட்டை கைவசம் இல்லை. அக்காவின் மகன் கைப்பேசியில் ஒரு செய்முறை வீடியோவைத் தேடிக் கொடுத்தான். தண்ணீரைக் கொதிக்கவிடு, அடுப்பை அணை, முட்டையை இறக்கு, மூடி வை, நான்கு நிமிடத்தில் எடு. இவ்வளவுதான். அப்படியே செய்தார்கள். மூடியைத் திறந்தபோது சட்டி முழுக்க நூல் நூலாக வெள்ளை மிதந்தது. மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு சுற்றுக்கு வெள்ளை வெந்திருக்க, அதற்கு மேல் கண்ணாடி நிறத்தில் சளி போன்ற பச்சை வெள்ளை வழிந்துகொண்டிருந்தது. விருந்தினர் மரியாதையாக ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுப் பாணையும் ஜேமையும் சாப்பிட்டுப் போனார்கள்.

மறுநாள் அக்கா விடவில்லை. நேற்று வேகவில்லை என்றால் இன்று கொதிக்கட்டும் என்று அடுப்பை முழுதாக எரியவிட்டு, கொப்பளிக்கும் தண்ணீரிலேயே ஊற்றினார். இம்முறை வெள்ளை வெந்தது. ஆனால் பாதி சிதறி நுரையோடு ஒதுங்கியது. மீந்தது ரப்பராக இறுகியது. கத்தியால் வெட்டினால் நழுவி ஓடியது.

அடுத்த வகுப்புக்கு வந்தபோது அவர் என்னிடம் கேட்ட கேள்வி, “டீச்சர், வாத்து முட்டைக்கு இந்தச் சமையல் சரிவராதா?” என்பது. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட அவருடைய அடுப்படிக்கே போய்ப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. சமையலில் ஒன்று கெட்டுப்போனால் எல்லோரும் செய்முறையைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். குறை பெரும்பாலும் செய்முறைக்கு வெளியே, சட்டியிலோ கூடையிலோ கிடக்கும்.

வீட்டார் சொன்ன காரணங்கள்

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மாமியாருக்கு வினாகிரியின் மேல் சந்தேகம். தென்னை வினாகிரிக்குப் பதிலாகக் கடையில் மலிவாகக் கிடைத்த வெள்ளை வினாகிரியை ஊற்றியதுதான் கோளாறு என்றார். மகன் தண்ணீரைச் சுழற்றிவிடாததுதான் தப்பு என்றான். அக்காவின் கணவர், வாத்து முட்டை வெட்டை (உடம்புக்குச் சூடு), அது வேகவே நேரமாகும் என்று முடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, வாத்துக்குப் போடும் தீனியே காரணம் என்றார்.

இவர்களில் ஓரளவு கிட்ட வந்தவர் கணவர்தான், அவர் சொன்ன ‘வெட்டை’க் கணக்கை விட்டுவிட்டால்.

கூடை

நான் முதலில் பார்க்கக் கேட்டது முட்டைகளை. குசினியில் காஸ் அடுப்பு ஒன்றும் விறகு அடுப்பு ஒன்றும் இருந்தன. 2022இல் காஸ் கிடைக்காமல் தவித்த பிறகு விறகு அடுப்பை இடிக்க மனம் வரவில்லை என்றார் அக்கா. குளிருக்கும் அதுவே துணை. காலையும் மாலையும் எரிகிறது. அந்த விறகு அடுப்புக்கு நேர் மேலே, கூரைக் கைமரத்தில் கட்டித் தொங்கவிட்ட பிரம்புக் கூடைக்குள் முட்டைகள். எலிக்குப் பயந்து அங்கே வைத்ததாம். கூடையின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இது சிறிய விஷயம் அல்ல. முட்டையின் வெள்ளையில் இரண்டு பகுதிகள் உண்டு. மஞ்சள் கருவை அணைத்தபடி பாகு போல் நிற்கும் கெட்டி வெள்ளை ஒன்று. அதற்கு வெளியே தண்ணீர் போல் ஓடும் இளகிய வெள்ளை மற்றொன்று. முட்டை இட்ட நேரத்திலிருந்தே ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறத் தொடங்குகிறது. அது போகப் போக வெள்ளையின் காரத்தன்மை ஏறி, கெட்டிப் பகுதி இளகித் தண்ணீராகிறது. சூடு கூடினால் இந்த வேகமும் கூடும். நுவரெலியாவின் குளிரில் அறையின் மூலையில் வைத்தாலே முட்டை பல நாள் நல்ல நிலையில் இருக்கும். கொழும்பு வெயிலுக்குக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் வேலையில் பாதியை இங்கே காற்றே செய்துவிடுகிறது. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு முட்டையை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருந்தார்கள்.

கூடையில் இருந்தவற்றை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். சில கிடையாக அடியில் படுத்தன. அவை புதியவை. பல முட்டைகள் அகன்ற முனையைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றன. உள்ளே காற்றறை பெருத்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று மிதந்தது. அதைத் தூர எறியச் சொன்னேன். எல்லாம் இந்த வாரத்து முட்டை என்று அக்கா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. எடுத்தது இந்த வாரம்தான். இட்டது எப்போது என்பதுதான் தெரியவில்லை. வாத்து பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையின் முதல் சில மணி நேரத்திலோ முட்டையிட்டுவிடும். கோழியைப் போல் கூட்டைத் தேடி வந்து இடும் பழக்கம் அதற்குக் குறைவு; நின்ற இடத்தில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இந்த வீட்டிலோ கணவர் வேலைக்குக் கிளம்பும் முன், இருட்டோடு இருட்டாகக் கூட்டைத் திறந்துவிடுகிறார். வாத்துகள் பீலித் தண்ணீர் ஓடும் கானுக்கும் (வடிகாலுக்கும்) வேலியோரப் புல்லுக்கும் போய் அங்கேயே இடுகின்றன. பிள்ளைகளின் கண்ணில் பட்ட அன்று முட்டை வீட்டுக்கு வருகிறது. அன்று இட்டதும் போன வாரம் இட்டதும் ஒரே கூடையில் கலந்துவிடுகின்றன.

ஒரு தட்டில் இரண்டையும் அடுத்தடுத்து உடைத்துக் காட்டினேன். கிடையாகப் படுத்த முட்டையில் மஞ்சள் கரு குவிந்து நின்றது. அதைச் சுற்றி வெள்ளை மேடு கட்டியிருந்தது. வெளியே ஓடியது கொஞ்சமே. சாய்ந்து நின்ற முட்டை, உடைத்த கையோடு தட்டின் விளிம்புவரை பரவிவிட்டது. சட்டியில் நூல் நூலாக மிதந்தது எது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் எழுந்து போய்க் கூடையைக் கழற்றினார்.

தண்ணீர்

ஆனால் கூடை பாதிக் கதைதான். புதிய முட்டையிலும் முதல் நாள் செய்முறையை அப்படியே செய்துபார்த்தோம். நூல் நூலாகப் பிரிவது பெரிதும் குறைந்தது. மஞ்சள் கருவைச் சுற்றிய சளி மட்டும் அப்படியே இருந்தது. ஆக, பழைய முட்டை சிதறலுக்குக் காரணம்; வேகாமைக்குக் காரணம் வேறு.

வகுப்புக்குக் கொண்டுபோகும் சமையல் வெப்பமானியைச் சட்டியில் விட்டேன். தண்ணீர் கொப்பளித்துக் கொதிக்கும்போது 94 பாகை (செல்சியஸ்) காட்டியது. வெப்பமானி பழுது என்றான் மகன். பழுது இல்லை. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு பாகை குறைவாகக் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். கண்டி சுமார் 500 மீட்டர். அங்கே 98க்குச் சற்று மேல். எல்ல என்ற ஊர் சுமார் 1,000 மீட்டர். அங்கே 96க்கும் 97க்கும் இடையில். ஹட்டன் 1,270 மீட்டர் அளவில் இருப்பதால் 96க்குச் சற்றுக் கீழே. நுவரெலியா சுமார் 1,870 மீட்டர், 94. எவ்வளவு விறகு வைத்தாலும், திறந்த சட்டியில் அதற்கு மேல் ஏறாது. மலையில் பருப்பு வேக நேரமாகிறது என்று தண்ணீரைக் குறை சொல்கிறவர்களின் வழக்குக்கும் இதில் பங்கு உண்டு.

ஆறு பாகைதானே, அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ‘போச்’ முட்டையை வழக்கமாகக் கொதிக்காத தண்ணீரில்தான் வேகவைக்கிறோம். 85 பாகை போதும். அப்படிப் பார்த்தால் உயரம் ஒரு பொருட்டே அல்ல. அடுப்பை எரியவிட்டு வேகவைக்கிறவர்களுக்கு அது உண்மை. அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீரில் சேர்ந்திருக்கும் சூட்டை மட்டும் நம்பும் செய்முறைக்கு அந்த ஆறு பாகைதான் முழு முதலீடு.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். கடலோர வீடு ஒன்றில் ஒரு லீற்றர் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. சாதாரண அறைச் சூட்டில், 28 பாகையில் இருக்கும் கோழி முட்டை இரண்டை அதில் இறக்கினால், முட்டைகள் சூட்டை உறிஞ்சித் தண்ணீர் 95 பாகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து மெல்ல ஆறும். அக்காவின் சட்டி சிறியது. அரை லீற்றர்தான் கொள்ளும். தண்ணீர் தொடங்குவதே 94இல். முட்டை இரண்டும் வாத்து முட்டை. ஓட்டை நீக்கினாலும் ஒவ்வொன்றும் 60 கிராமுக்கு மேல் வரும். புதிய முட்டைகளை நாங்கள் வைத்திருந்த மூலையின் சூடு 15 பாகை. இவை சேர்ந்தால் தண்ணீர் 81 பாகையை ஒட்டி இறங்கிவிடும். வெப்பமானியும் ஏறத்தாழ அதையே சொன்னது: நான்கு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது 79. மெல்லிய அலுமினியச் சட்டியும் அந்தக் குளிரும் மிச்ச வேலையைச் செய்திருந்தன.

சுருக்கமாக, கடலோரத்தில் முட்டை போட்ட பிறகு இருக்கும் சூடு, இங்கே முட்டை போடுவதற்கு முன்னாலேயே உள்ள உச்சச் சூடு. அந்த வீடியோவைச் செய்தவர் தன் குசினிக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வாத்தின் வெள்ளை

இந்த இடத்தில் அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டார். அதே சட்டி, அதே செய்முறை, கோழி முட்டையாக இருந்தால் வெந்திருக்குமா? கடைக்குப் பையனை அனுப்பிக் கோழி முட்டை வாங்கிச் செய்துபார்த்தோம். உயர்வாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சாப்பிடலாம் என்ற நிலையில் வெந்தது. ஆக உயரமும் சட்டியும் மட்டும் குற்றவாளிகள் அல்ல.

வெள்ளைக் கரு ஒரே பொருள் அல்ல. பல புரதங்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் உறைகிறது. கோழி முட்டையில் முதலில் உறைவது ஓவோடிரான்ஸ்ஃபெரின். 60 பாகையைத் தாண்டியதும் வேலையைத் தொடங்கிவிடும். வெள்ளைக் கருப் புரதத்தில் அது 12 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. பெரும்பங்கான ஓவால்புமின் உறைய 80 பாகையை எட்ட வேண்டும். கோழி முட்டை 80க்குக் கீழேயே வெண்மையாகி உருவம் பிடித்துக்கொள்வது, அந்த முதல் புரதத்தின் தயவால். வாத்து முட்டையில் அது 2 சதவீதம் அளவே. எனவே 70 பாகையில் கோழி முட்டை வெள்ளையாகிவிட்ட நேரத்திலும் வாத்து முட்டை கண்ணாடி போலவே நிற்கும். அதன் வெள்ளைக்கு 80ஐத் தாண்டிய சூடு சில நிமிடங்கள் தொடர்ந்து வேண்டும்.

தண்ணீர் 79 பாகைக்கு இறங்கிவிட்ட சட்டியில் அது சளியாக நின்றதில் வியப்பில்லை. மறுநாள் கொப்பளிக்கும் தண்ணீரில் ரப்பரானதற்கும் விளக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. வாத்து முட்டையின் வெள்ளையில் நீர் சற்றுக் குறைவு, புரதம் சற்று அதிகம். உறையத் தொடங்கிய பிறகு தேவைக்கு மேல் சூடு பட்டால் கோழி முட்டையைவிட வேகமாக இறுகும். கொப்பளிப்பு வேறு வெள்ளையை அடித்துக் கிழிக்கிறது. குறைந்தால் சளி, கூடினால் ரப்பர். இடையில் கிடைக்கும் இடம் கோழி முட்டைக்குக் கிடைப்பதைவிட ஒடுக்கமானது.

இதோடு மஞ்சள் கருவின் பருமனும் சேர்கிறது. வாத்து முட்டையில் மஞ்சள் கரு விகிதத்திலும் பெரியது, கொழுப்பும் கூடுதல். சுவைக்கு அதுவே காரணம். அக்காவின் பிள்ளைகள் கோழி முட்டையை இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் சூடு நடுவரை போய்ச்சேர நேரம் பிடிக்கும்.

மற்ற சந்தேகங்களை விரைவாகத் தீர்த்துவிடலாம். வினாகிரி எந்த வகையானாலும் புளிப்புத்தான் வேலை செய்கிறது. லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் வெள்ளையின் வெளிப்புறம் சீக்கிரம் உறையும். பழைய முட்டைக்கு ஓரளவு கைகொடுக்கும். புதிய முட்டைக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. முட்டையின் மேல்புறம் மங்கிப்போவதும், நாக்கில் நிற்கும் அந்தப் புளிப்பும் எனக்குப் பிடிப்பதில்லை. தண்ணீரைச் சுழற்றுவது ஒற்றைக் கோழி முட்டைக்கு அழகாக வேலை செய்யும் வித்தை. கனமான வாத்து முட்டை சுழலின் நடுவில் நிற்காமல் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு முட்டை என்றால் சுழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தீனியைப் பற்றிய பக்கத்து வீட்டுப் பெண்ணின் கருத்து மஞ்சள் கருவின் நிறத்துக்குப் பொருந்தும். இந்த வழக்குக்குப் பொருந்தாது.

மஞ்சள் கரு எவ்வளவு வேக வேண்டும்?

விருந்தினர் கேட்பது வெட்டினால் வழியும் மஞ்சள் கருவை. அக்காவும் அதைத்தான் செய்து கொடுக்க நினைத்தார். இந்த ஆய்வில் நான் அவரோடு உடன்படாத இடம் இதுதான், கொஞ்சம் கடுமையாகவே.

வாத்து முட்டை தரையில், ஈரத்தில், எச்சத்தில் கிடப்பது. கானோரம் பொறுக்கிய முட்டைகளின் ஓட்டில் காய்ந்த சேற்றை நானே பார்த்தேன். சால்மொனெல்லா கிருமிக்கு இதைவிட வசதியான பாதை இல்லை. 2010இல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் சால்மொனெல்லா டைஃபிமியூரியம் டிடி8 என்ற வகைத் தொற்று பரவியபோது, அதன் மூலம் வாத்து முட்டைகள் என்று தெரியவந்தது. அதன்பின் அங்கே மக்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, வாத்து முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிட வேண்டும் என்பது. உணவுப் பாதுகாப்பில் வழக்கமாகச் சொல்லும் அளவு, உணவின் நடுப்பகுதி 70 பாகையில் 2 நிமிடம் இருக்க வேண்டும் என்பது. 65 பாகை என்றால் 10 நிமிடம். வழியும் மஞ்சள் கரு இதன் பக்கத்தில்கூட வந்திருக்காது.

வீட்டில் தனக்காகச் செய்து சாப்பிடும் ஆரோக்கியமான பெரியவர் தன் துணிச்சலுக்கு ஏற்பச் செய்துகொள்ளட்டும். கர்ப்பிணி, குழந்தை, முதியவர், நோய்வாய்ப்பட்டவர் ஆகியோருக்கு வேண்டவே வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பரிமாறும் இடத்தில் யாருக்குமே வேண்டாம். “வெள்ளைக்காரர்கள் கேட்பதே அதைத்தானே டீச்சர்” என்றார் அக்கா. கேட்கட்டும் அக்கா, வழிகிற மஞ்சள் வேண்டும் என்பவருக்கு நல்ல கோழி முட்டையில் செய்து கொடுங்கள், வாத்து முட்டை வேண்டும் என்பவருக்கு மஞ்சள் கெட்டியாகத்தான் வரும் என்று முன்னிரவே சொல்லிவிடுங்கள் என்றேன். அவருக்கு அரை மனம்தான். கணவர்தான், வயிற்றுப்போக்கோடு ஒரு விருந்தினர் இரவில் கதவைத் தட்டினால் இந்த ரோட்டில் வாகனம் பிடிப்பது யார் என்று கேட்டுப் பேச்சை முடித்தார்.

கெட்டி என்றால் சுண்ணாம்புக்கட்டியாக உதிர வேண்டும் என்பதில்லை. மஞ்சள் கரு 65 பாகைக்கு மேல் தடிக்கத் தொடங்கி, 70ஐத் தாண்டியதும் நிற்கிறது. அந்த நிலையில் பிடித்தால் மெழுகு போல் மினுங்கும். கத்தி சுத்தமாக இறங்கும். வாத்து முட்டையின் கூடுதல் கொழுப்பு இங்கேதான் ருசி காட்டுகிறது. அதே பதத்தில் கோழி முட்டையை வைத்துப் பார்த்தால் வறண்டு தெரியும்.

இப்போது செய்யும் முறை

ஒரு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் பிடிக்கும் அகலமான சட்டி. முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் போட்டுவைக்க வேண்டும். 15 பாகைக் குளிர் போனாலே பாதிச் சிரமம் குறைகிறது. வாத்து முட்டையின் ஓடு தடிப்பு, உள்சவ்வு அதைவிடப் பிடிவாதம். சட்டியின் விளிம்பில் தட்டினால் சில்லுகளாக நொறுங்கி மஞ்சள் கருவைக் குத்திவிடும். கத்தியின் முதுகால் நடுவில் ஒரே தட்டாகத் தட்டி, விரிசலில் இரு பெருவிரல்களையும் வைத்துப் பிரித்தால் சவ்வு ஒழுங்காகக் கிழியும்.

உடைத்ததைத் தேங்காய்ப்பால் வடிக்கும் வடியில் ஊற்றி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இளகிய வெள்ளை கீழே ஒழுகிவிடும். கெட்டி வெள்ளையும் மஞ்சளும் மேலே நிற்கும். தேநீர் வடி இதற்குப் பத்தாது, மஞ்சள் கரு விளிம்பில் இடித்துக்கொள்கிறது. ஒழுகியதை வீசத் தேவையில்லை. றொட்டி மாவில் சேர்த்துக் குழைக்கலாம். வடியில் நின்றதை ஒரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு இந்த வடிப்பது ஒன்றே எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தையாகத் தெரிந்தது. மூன்று வயதுப் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தண்ணீர் முதலில் கொதிக்கட்டும். பிறகு தீயைக் குறைத்து, அடியிலிருந்து குமிழி ஒன்றிரண்டாக மட்டும் எழும் நிலைக்குக் கொண்டுவந்து, கிண்ணத்தைத் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்த்து முட்டையை நழுவவிட வேண்டும். தீயை அணைக்கக் கூடாது. இதுதான் மலைநாட்டுக்கான திருத்தம். முட்டை இறங்கியதும் குமிழி நின்றுவிடும். உடனே தீயைச் சற்றுக் கூட்டி, பழைய நிலை திரும்பியதும் குறைத்துவிட வேண்டும். 85 முதல் 88 பாகை. வெப்பமானி இல்லாத வீட்டில் அந்த ஒன்றிரண்டு குமிழிதான் அளவு.

காஸ் அடுப்பில் இது எளிது. விறகு அடுப்பில் எதை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கவ்வாத்து மலையில் பொறுக்கி வந்த மிலாறு, அதாவது வெட்டிவிட்ட தேயிலைச் செடியின் சுள்ளி, சட்டென்று பற்றி எரிந்து சட்டென்று அடங்கும். தண்ணீரைக் கொதிக்கவைக்க நல்லது, நிலையாக வைத்திருக்க உதவாது. யூக்கலிப்டஸ் கட்டை தணலாக நின்றால் சட்டியை அதன் ஓரத்துக்கு நகர்த்திச் சூட்டை அடக்கலாம். மாமியார் இதைச் செய்த நேர்த்தியைப் பார்த்தபோது, வெப்பமானியை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நேரம், மேலே சொன்ன சூட்டில், எட்டிலிருந்து ஒன்பது நிமிடம். கண் அகப்பையால் தூக்கி, விரல் நுனியால் மஞ்சள் கருவின் மேல் அழுத்தினால் திருப்பி அழுத்த வேண்டும். தளதளவென்று ஆடினால் இன்னும் ஒரு நிமிடம். எல்லயிலோ கண்டியிலோ இருப்பவர்கள் சூடு அதே 85, 88 என்பதால் நேரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை; அவர்களுடைய தண்ணீர் விரைவில் பழைய சூட்டுக்குத் திரும்பிவிடும், அவ்வளவுதான். பல பேருக்குச் செய்யும்போது வெந்த முட்டைகளை 70 பாகைச் சுடுநீரில் பத்து நிமிடம்வரை வைத்திருக்கலாம். கெட்டியாகாது, ஆறாது. சாப்பிடும்போதுதான் உப்பும் மிளகும். வாட்டிய பாண், பக்கத்தில் தேங்காய்ச் சம்பல் என்று அக்கா பரிமாறுகிறார். வெண்ணெய்ச் சோஸ் ஊற்றும் நட்சத்திர விடுதி வழக்கத்தைவிட, கொழுப்பேறிய வாத்து முட்டைக்குத் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல் எவ்வளவோ பொருத்தம்.

வாத்துகளைக் காலை ஒன்பது மணிவரை கூட்டிலேயே அடைத்துவைப்பது என்று முடிவாகியிருக்கிறது. உள்ளே உலர்ந்த புல் பரப்பியதால் முட்டை சுத்தமாகக் கிடைக்கிறது. திறந்துவிடும் வேலை கணவரிடமிருந்து மாமியாருக்கு மாறியிருக்கிறது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி போடுகிறான் மகன். அழுக்குப் பட்டதைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சூடான முட்டை குளிர்ந்ததும் உள்ளே சுருங்கி, துளைகள் வழியாக வெளி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டும் என்றால் முட்டையைவிடச் சூடான தண்ணீரில் கழுவி உடனே சமைத்துவிட வேண்டும். எலிக்கு இரும்பு வலை போட்ட பெட்டி ஒன்று குளிர்ந்த மூலையில் நிற்கிறது.

தேதி ஒரு வாரத்தைத் தாண்டிய முட்டைகள் இப்போது விருந்தினர் மேசைக்குப் போவதில்லை. அவை ஓட்டோடு அவிக்க ஏற்றவை. பழகிய முட்டையில்தான் ஓடு சுலபமாக உரியும். நுவரெலியாவின் 94 பாகைக் கொதியில் வாத்து முட்டை நன்றாக அவிய பதினைந்து நிமிடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உரித்துக் குழம்பில் போடுகிறார்கள்.